மாசிப் படைப்புக்கும் பங்குனி உத்திரத்துக்கும் இடையில் வெளிநாடு: எங்கே போகலாம்? (மார்ச் 2027)

கானாடுகாத்தான் முகப்பு:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வருஷம் மார்ச்சில் குடும்பத்தோடு வெளிநாடு போக யோசனை. நாலு பேர். அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. தட்டையான தரையில் நடப்பார்கள், படிதான் சிரமம். எல்லாரும் சைவம். 12 நாளுக்கு மேல் முடியாது. சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயில் படைப்பில் இருந்தாக வேண்டும், பங்குனி உத்திரத்துக்கும் ஊரில் இருக்க வேண்டும். விமானம் திருச்சியிலிருந்து கிடைத்தால் நல்லது. ஜப்பான், நெதர்லாந்து, வியட்நாம் மூன்றும் வீட்டில் பேச்சில் அடிபடுகின்றன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
அண்ணே, முதலில் தேதியைப் பிடியுங்கள், நாடு தானாக வரும். 2027-ல் மகா சிவராத்திரி மார்ச் 6, சனிக்கிழமை. பங்குனி உத்திரம் மார்ச் 22 வாக்கில். ஆக உங்களுக்கு இருப்பது இரண்டு இடைவெளி. ஒன்று மார்ச் 8 முதல் 20 வரை. இன்னொன்று மார்ச் 24 முதல் ஏப்ரல் 5 வரை. இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரம்தான் வித்தியாசம், ஆனால் அந்தப் பருவத்தில் இரண்டு வாரம் என்பது வேறு ஊருக்குப் போன மாதிரி. முதல் இடைவெளியில் ஜப்பான் போனால் டோக்கியோவில் மொட்டுதான் இருக்கும். ஆம்ஸ்டர்டாம் போனால் காலையில் மூன்று, நாலு டிகிரி குளிரும் மழையும்தான், துலிப் வயலில் பச்சை இலை மட்டும்.

2027-க்கு இன்னும் சில தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ரம்ஜான் நோன்பு பிப்ரவரி 8 வாக்கில் தொடங்கி மார்ச் 9 வாக்கில் முடிகிறது, அடுத்த நாள் பெருநாள். மலேசியாவில் அந்த வாரம் முழுக்கச் சொந்த ஊருக்குப் போகும் கூட்டம். கோலாலம்பூர் காலியாக இருக்கும், ரயிலும் பஸ்ஸும் பினாங்குச் சாலையும் நிரம்பி வழியும். ஈஸ்டர் மார்ச் 28. அதற்கு முந்தைய வாரம் ஸ்பெயின், இத்தாலியில் ஹோட்டல் விலை ஏறிவிடும். பாலியில் நியெப்பி என்று ஒரு நாள் வரும். 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும், ஹோட்டலை விட்டு வெளியே வர முடியாது. 2027-ல் அது மார்ச் 8, உங்கள் முதல் இடைவெளியின் முதல் நாள்.

கோவிலூர் பாதை:
வியட்நாம் பற்றிச் சொல்கிறேன். நாடு நீளமானது, மார்ச்சில் ஒரே நேரத்தில் மூன்று விதமான வானிலை. ஹனோய் பக்கம் பிப்ரவரி, மார்ச்சில் தூறலும் ஈரமும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த தரையில் பட்டு, டைல்ஸும் சுவரும் வேர்த்துக் கொட்டும். துணி காயாது. ஹாலோங் விரிகுடாவில் பனிமூட்டம் என்றால் படகில் ஏறியும் பாறை தெரியாது. போட்டோவில் பார்த்த நீலத் தண்ணீரை நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த மாதத்தில்தான்.

நடுப்பகுதி அப்படி இல்லை. தா நாங், ஹோய் ஆன், ஹுவே மூன்றிலும் மழைக்காலம் போய்விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஹோய் ஆன் பழைய தெரு முழுக்கத் தட்டை, வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், அம்மா நிதானமாக நடக்கலாம். தெற்கே ஹோ சி மின் நகரத்தில் வறண்ட வெயில், காரைக்குடி மார்ச்சுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அங்கே தோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. ஒரு காலை அதற்கு ஒதுக்கலாம்.

இ-விசா 90 நாள் வரை தருகிறார்கள், ஒருமுறை நுழைய 25 டாலர். அரசுத் தளத்தைப் போலவே பெயர் வைத்து இரண்டு மடங்கு பிடுங்கும் தளங்கள் நிறைய. முகவரி ஜி.ஓ.வி. டாட் வி.என். என்று முடிகிறதா பாருங்கள். எந்த விமான நிலையத்தில் இறங்கப்போகிறீர்கள் என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். அங்கே ஹோ சி மின் என்று போட்டுவிட்டு தா நாங்கில் போய் இறங்கக் கூடாது.

ஆத்தங்குடிப் பூக்கல்:
தாய்லாந்து என்று யாராவது சொல்வதற்கு முன்னால் ஒன்று. சியாங் மாய், சியாங் ராய், அதை ஒட்டிய லாவோஸ் மலைப்பகுதி இவற்றுக்கு பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரை போகவே கூடாது. அறுவடைத் தாளையும் காட்டையும் எரிக்கும் காலம். சுற்றிலும் மலை என்பதால் புகை வெளியேறாமல் தங்கிவிடும். காற்று மாசில் உலக நகரப் பட்டியலில் சியாங் மாய் முதலிடத்துக்கு வருவது இந்த வாரங்களில்தான். வயதானவர்களுக்கு இருமலும் கண் எரிச்சலும் நிச்சயம். தெற்கே கிராபி, புக்கெட் பக்கம் மார்ச்சில் கடல் அமைதி, அங்கே இந்தக் கவலை இல்லை.

முகப்பு அண்ணனுக்கு முதல் இடைவெளிதான் சரிப்படும் என்றால் இலங்கையைத் தள்ளிவிட வேண்டாம். திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொழும்புக்கு நேர் விமானம், ஒரு மணி நேரம்தான் பறப்பு. மார்ச்சில் தென் கரையும் மேற்குக் கரையும் வறண்டு இருக்கும், மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் பருவம் ஏப்ரல் வரை. நுவரெலியா குளிரும் அளவு, நடுக்கும் அளவு அல்ல. எங்கே போனாலும் சைவச் சோறு கிடைக்கும். கண்டி–எல்ல மலை ரயிலை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் மட்டும் கவனியுங்கள். 2025 நவம்பர் டிட்வா புயலில் அந்தப் பாதை பலமாகச் சேதமானது. எந்தப் பகுதி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

கானாடுகாத்தான் முகப்பு:
பூக்கல் ஆச்சி, ரஸ்தா அண்ணே, நன்றி. தேதி விஷயம் இவ்வளவு முக்கியம் என்று இப்போதுதான் விளங்குகிறது. அம்மாவுக்கு ஆசை செர்ரிப் பூதான். இரண்டாவது இடைவெளி என்றால் ஜப்பானில் உறுதியாகப் பார்க்கலாமா?

பள்ளத்தூர் வளவு:
உறுதி என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் மார்ச் 24 முதல் ஏப்ரல் 5 என்பது கேட்டு வாங்கினாலும் கிடைக்காத தேதி. 1991 முதல் 2020 வரையான 30 ஆண்டுச் சராசரிப்படி டோக்கியோவில் பூக்கத் தொடங்குவது மார்ச் 24, நிறைபூ மார்ச் 31. கியோட்டோவில் தொடக்கம் மார்ச் 26, நிறைபூ ஏப்ரல் 4. ஃபுகுவோக்கா மார்ச் 22. சப்போரோவில் மே மாதம் ஆகிவிடும்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் திட்டம் போடுவது எளிது. ஊர் முழுக்க நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை சோமெய் யோஷினோ என்ற ஒரே ரகம். ஒட்டுக்கட்டி வளர்த்தவை, அதனால் எல்லாம் ஒரே மரத்தின் நகல். ஒரு ஊரில் எல்லா மரமும் சேர்ந்தாற்போல் பூப்பதும், சேர்ந்தாற்போல் உதிர்வதும் அதனால்தான். மொட்டு கோடையிலேயே உருவாகித் தூங்கும். அதை எழுப்பக் குளிர் வேண்டும், எழுந்த பிறகு விரியச் சூடு வேண்டும். பிப்ரவரி 1-லிருந்து தினமும் பகலின் அதிக வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே வந்து 600 டிகிரி தொடும்போது டோக்கியோவில் பூக்கும் என்று ஒரு கைக்கணக்கு அங்கே உண்டு. மார்ச் சூடாக இருந்தால் முந்தும். குளிர்காலமே சூடாக இருந்துவிட்டால் தெற்கே ககோஷிமா பக்கம் பிந்தும், மொட்டுக்குப் போதிய குளிர் கிடைத்திருக்காது.

டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தில் ஒரு மாதிரி மரம் வைத்திருக்கிறார்கள். வானிலைத் துறை ஆள் நேரில் வந்து பார்த்து, ஐந்தாறு பூ விரிந்திருந்தால் பருவம் தொடங்கியது என்று அறிவிப்பார். மொட்டில் 80 சதவீதம் விரிந்தால் நிறைபூ. தொடக்கத்திலிருந்து நிறைபூவுக்கு ஒரு வாரம், அதன் பிறகு ஒரு வாரம் தாக்குப் பிடிக்கும். நடுவில் பலத்த மழையும் காற்றும் வந்தால் மூன்றே நாளில் எல்லாம் தரையில். குளிர் நீடித்தால் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும்.

அதனால் ஒரே ஊரில் 12 நாளும் உட்காராதீர்கள். டோக்கியோவில் இறங்கி ஐந்து நாள், பிறகு கியோட்டோ ஐந்து நாள், ஒசாகா கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புங்கள். டோக்கியோ முந்திவிட்டாலும் கியோட்டோ கையில் இருக்கும். அதற்கும் மேல் காப்பு வேண்டும் என்றால் ரகம் மாறிய இடங்களைப் பிடியுங்கள். ஷின்ஜுகு க்யோயென் பூங்காவில் பல ரகம் கலந்து நிற்பதால் எப்போது போனாலும் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்கும். கியோட்டோ அரண்மனைப் பூங்காவில் தொங்கு செர்ரி மரங்கள் மற்றவற்றுக்கு ஒரு வாரம் முன்னால் பூக்கும். தட்டைத் தரை, கட்டணம் இல்லை. அம்மாவுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கியோட்டோவில் கிடையாது. நிஷிஜின் பக்கம் தங்கினால் அங்கே போக டாக்சி செலவும் குறைவு. நின்னாஜி கோயிலின் குட்டை மரங்கள் ஏப்ரல் நடுவில்தான் பூக்கும், அது உங்களுக்கு எட்டாது.

ஃபுஷிமி இனாரி, கியோமிசு இரண்டும் ஏற்றமும் படியும். அம்மாவை அங்கே அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேமத்தான்பட்டி:
எனக்கு மாற்றுக் கருத்து. ஜப்பானில் பூ நேரம் என்பது ஹோட்டல் விலை உச்சத்தில் இருக்கும் நேரம். உள்ளூர்ப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். நெதர்லாந்தையும் ஒரு பார்வை பார்க்கலாமே? கொய்கென்ஹோஃப் தோட்டம் மார்ச் மூன்றாம் வாரம் திறந்துவிடுகிறது, 32 ஹெக்டேர், 70 லட்சம் பூக்கிழங்கு நடுகிறார்கள்.

பள்ளத்தூர் வளவு:
திறப்பது வேறு, பூப்பது வேறு. மார்ச் கடைசியில் அங்கே வெளியில் இருப்பது குரோக்கஸும் டாஃபோடிலும்தான். ஹையசிந்த் ஏப்ரல் தொடக்கம். துலிப் வயல் கோடு கோடாகத் தெரிவது ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரம் வரை. அப்போதும் தாமதித்தால் போச்சு. விவசாயி விற்பது பூவை அல்ல, கிழங்கை. பூ விரிந்து நோய் இருக்கிறதா என்று பார்த்த கையோடு இயந்திரத்தால் தலையைச் சீவிவிடுவார்கள், சத்தெல்லாம் கிழங்குக்கு இறங்க வேண்டும் என்பதற்காக. முகப்பு அண்ணன் ஏப்ரல் 5-க்குள் திரும்புகிறார். கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்த துலிப்பைப் பார்க்க, ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா எடுக்கத் தேவையில்லை.

ஐரோப்பாதான் வேண்டும் என்றால் மார்ச்சில் தெற்கே போங்கள். செவில், கிரனாடா பக்கம் பகலில் 20 டிகிரி, தெருவோர ஆரஞ்சு மரங்கள் பூத்து ஊரே மணக்கும். மார்ச் 21 முதல் 28 வரை புனித வாரம். அந்த எட்டு நாளைத் தவிர்த்து முதல் இடைவெளியில் போனால் சரியாக இருக்கும்.

தேவகோட்டை ரஸ்தா:
ஷெங்கனுக்குக் காரைக்குடியிலிருந்து செய்ய வேண்டியது இது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன். கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் கூலி தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கைரேகைக்காக ஒவ்வொருவரும் நேரில் சென்னை போக வேண்டும். ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதம் செல்லும். பிப்ரவரி, மார்ச்சில் கோடை விடுமுறைக் கூட்டமும் சேர்ந்து நேரம் கிடைக்காது, டிசம்பரிலேயே பிடியுங்கள்.

ஜப்பான் விசாவில் சிக்கல் வேறு இடத்தில். ஒருமுறை நுழையும் விசா கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நுழைந்தாக வேண்டும். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நவம்பரில் எடுத்தால் மார்ச் 24-க்குக் காலாவதி. ஜனவரி கடைசி வாரம் சரியாக இருக்கும். நாள்வாரியாக எங்கே போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று ஒரு அட்டவணை கேட்பார்கள். அதில் இருக்கும் ஹோட்டல் பெயரும் முன்பதிவுத் தாளில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி ரிட்டர்ன் சேர்த்து வையுங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் கணக்கில் திடீரென்று பெரிய தொகை போடாதீர்கள், கேள்வி வரும்.

இப்போது வருவது இ-விசா. அதைப் போன் திரையில் இணையத்தோடு நேரடியாகத் திறந்துகாட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், அச்செடுத்த தாள், பி.டி.எஃப். எதுவும் செல்லாது. செக்-இன் கவுன்டரில் நெட் கிடைக்காமல் நாலு பேரும் நிற்பதற்குப் பதில் இரண்டு வேறு கம்பெனி சிம் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் வேலை செய்ய இ-சிம் முன்பே போட்டுவிடுங்கள்.

சென்னை அப்பாயின்ட்மென்டுக்கு இரவு ரயிலில் போய்க் காலை நேரத்தை எடுங்கள். பகலில் ஓடும் பல்லவன் எக்ஸ்பிரஸில் போனால் எழும்பூர் சேர மதியம் ஆகிவிடும், ரயில் கொஞ்சம் தாமதித்தாலும் நேரம் தவறிவிடும்.

கண்டனூர் கிட்டங்கி:
டிக்கெட் போடும்போது நம் ஆட்களுக்கு வரும் இரண்டு தொல்லைகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பெயர். நம்மில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. விமான டிக்கெட்டில் அந்தக் கட்டம் காலி விட முடியாது. பெரும்பாலான நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன, சில வேறு மாதிரிச் சொல்கின்றன. அந்தந்தத் தளத்தின் விதியைப் பார்த்துப் போடுங்கள். இனிஷியலை நீங்களாக விரித்து அப்பா பெயரை சர்நேம் ஆக்காதீர்கள். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறியோடு ஓடும் இரண்டு வரியில் இருப்பதுதான் உங்கள் பெயர். துபாயில் இறங்கி வெளியே போவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவரை அங்கே விடுவதில்லை. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கிறார்கள்.

இரண்டாவது, தனித்தனி டிக்கெட். திருச்சி–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்–டோக்கியோ வேறு ஒரு டிக்கெட் என்று மலிவாகப் பிடித்தால், பெட்டியை சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் வெளியே எடுத்து மறுபடி போட வேண்டிவரும். வெளியே எடுக்க இமிகிரேஷன் தாண்ட வேண்டும், தாண்ட இந்தியருக்குப் பொதுவாக விசா வேண்டும். அந்த விசாவோ அதற்கான விலக்கோ இல்லை என்றால் திருச்சியிலேயே ஏற்றமாட்டார்கள். ஒரே பி.என்.ஆரில் டோக்கியோ வரை போடுங்கள், பெட்டி நேராகப் போய்ச் சேரும். சிங்கப்பூரின் ஸ்கூட் விமான நிறுவனம் திருச்சிக்கும் வருகிறது, டோக்கியோவின் நரிதா, ஒசாகாவின் கன்சாய் இரண்டுக்கும் போகிறது. அதனால் போகும்போது நரிதா, வரும்போது கன்சாய் என்று ஒரே டிக்கெட்டில் கேட்கலாம்.

கோலாலம்பூர் வழி என்றால் இந்தியருக்கு விசா இல்லாத ஏற்பாடு 2026 டிசம்பர் 31 வரை அறிவித்திருக்கிறார்கள். மார்ச் 2027-க்கு நீட்டித்தார்களா என்று பார்க்காமல் தனித்தனி டிக்கெட் போட வேண்டாம். ஏர் ஏஷியா நிற்பது டெர்மினல் 2, மலேசியா ஏர்லைன்ஸ் டெர்மினல் 1. நடுவே ரயிலில் போக வேண்டும். இரண்டு மணி நேர இடைவெளி போதாது.

நேமத்தான்பட்டி:
சைவச் சாப்பாட்டுக்கு ஜப்பானில் என்ன வழி? அதைத் தீர்க்காமல் அம்மாவைக் கூட்டிப்போகச் சொல்வது சரியில்லை.

ஆத்தங்குடிப் பூக்கல்:
நியாயமான கேள்வி. அங்கே பிரச்சினை கறி அல்ல, தாஷி. உலர்ந்த மீனைச் சீவிப் போட்டு எடுக்கும் சாறு. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, கீரை மசியல், வறுத்த பலகாரத்துக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். மீன் போடாதீர்கள் என்றால் மீன் துண்டைத்தான் எடுத்துவிடுவார்கள், சாறு அப்படியே இருக்கும். "கட்சுவோ தாஷியும் வேண்டாம்" என்று ஜப்பானிய எழுத்தில் எழுதிய அட்டை போனில் வைத்திருங்கள். டோக்கியோ, ஒசாகாவில் இந்தியக் கடை தாராளம். கியோட்டோவில் ஷோஜின் ர்யோரி என்னும் மடத்துச் சாப்பாடு முழுச் சைவம். முன்பதிவு செய்யும்போதே நாற்காலி மேசை கேளுங்கள், இல்லையென்றால் அம்மாவைத் தரையில் உட்காரவைத்துவிடுவார்கள்.

சமையல் வசதி உள்ள அறை எடுத்தால் பாதிக் கவலை தீரும். ஆனால் நம் ஊர் குக்கரையும் கெட்டிலையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. வோல்ட் பாதிக்கும் கீழே போனால் சூடு அதைவிட அதிகமாகக் குறையும். 1000 வாட் குக்கர் அங்கே 190 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். அரிசி ஊறுமே தவிர வேகாது. அறையில் குக்கர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். போன் சார்ஜருக்குப் பிரச்சினை இல்லை, இரண்டு தட்டைக் கம்பி உள்ள அடாப்டர் மட்டும் போதும்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த பொடி வகை கொண்டுபோகலாம், கசியாமல் கட்டி முத்திரை போட்டு. பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் வேண்டாம். செடிகொடிக்குச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

துணிமணி: டோக்கியோ மார்ச் கடைசியில் காலை 6, 7 டிகிரி, பகலில் 15. கனத்த கோட் ஒன்றைவிட, உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் நல்லது. அம்மாவுக்குச் சேலைக்குள் தெர்மல் பேன்ட். கோயில்களில் செருப்பைக் கழற்றி மரத்தரையில் நடக்க வேண்டும். தரை சில்லென்றிருக்கும், முட்டி வலிக்கு அது ஆகாது. கனமான சாக்ஸும், குனியாமல் மாட்டும் ஷூவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவிலூர் பாதை:
ஆச்சி சொன்னது எல்லாம் சரி. ஆனாலும் என் ஓட்டு மத்திய வியட்நாமுக்கே. பூ இல்லைதான். ஆனால் செலவு பாதி, குளிர் இல்லை, கௌதம புத்தர் வழிக் கோயில்களை ஒட்டி "சாய்" என்று பலகை வைத்த சைவக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அமாவாசை, பௌர்ணமி அன்று உள்ளூர்க்காரர்களே சைவம் சாப்பிடுவார்கள்.

கானாடுகாத்தான் முகப்பு:
வீட்டில் பேசிவிட்டோம். மார்ச் 24, ஜப்பான். முதல் இடைவெளியை விட்டுவிடுகிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். ரயில் பாஸ் வாங்கலாமா? நாலு பெரிய பெட்டியோடு ரயிலில் ஏற முடியுமா?

பள்ளத்தூர் வளவு:
பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் விலை ஏற்றிய பிறகு ஏழு நாள் பாஸ் 50,000 யென். டோக்கியோ–கியோட்டோ ஒருவழி முன்பதிவு இருக்கை 14,000 யென் பக்கம். நீங்கள் ஒரு பக்கம்தான் போகிறீர்கள். தனி டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குள் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் காசு ஏற்றிவைத்துக்கொள்ளும் சூயிகா அட்டை போதும்.

ஃபுஜி மலை தெரிய வேண்டும் என்றால் டோக்கியோவிலிருந்து போகும்போது வலப்பக்கம், ஆங்கில E வரிசை இருக்கை. அம்மாவை அங்கே உட்காரவையுங்கள்.

பெட்டிக்கு விதி இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் அந்த ஷின்கான்சென் அதிவேக ரயிலில் பெட்டி இடத்தோடு சேர்த்து இருக்கை பதிவு செய்ய வேண்டும். கூடுதல் காசு இல்லை, ஆனால் பதிவு இல்லாமல் ஏற்றினால் அபராதம். சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். பெரிய பெட்டியை டோக்கியோ ஹோட்டல் வரவேற்பில் கொடுத்து கூரியரில் கியோட்டோ ஹோட்டலுக்கு அனுப்புவது இன்னும் நல்லது. காலையில் கொடுத்தால் பொதுவாக மறுநாள் போய்ச் சேரும். ஒரு ராத்திரிக்கு வேண்டிய மாற்றுத்துணியும், அம்மாவின் மாத்திரையும், பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும்.